நிலவை வரைந்த ஹெவீலியஸ்

நிலவைப் பாடாத கவிஞர் இல்லை. நிலவைக் காட்டிச் சோறூட்டாத தாயும் இல்லை. ஆயினும் அந்த நிலவை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கி, அதன் மேடு பள்ளங்களை ஒவ்வொன்றாகப் படமாக வரைந்தவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் யோகான் ஹெவீலியஸ். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அரண்மனை அறிஞரும் அல்லர். பீர் காய்ச்சி விற்ற வணிகர்!

பால்டிக் கடற்கரையில், போலந்து மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த டான்சிக் துறைமுக நகரில், 1611ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் அவர் பிறந்தார். அந்நகரே இன்றைய கிடான்ஸ்க். பள்ளிப் பருவத்தில் பீட்டர் குரூகர் என்னும் ஆசிரியர் அவருக்குக் கணிதத்திலும் வானநூலிலும் ஆர்வமூட்டினார். ஆனால் குடும்பத்தின் விருப்பம் வேறு. 1630இல் லெய்டன் நகருக்குச் சென்று சட்டம் பயின்றார். இங்கிலாந்து, பிரான்சு நாடுகளைச் சுற்றிப் பார்த்து 1634இல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு திருமணம்; பிறகு பீர்த் தொழில். வானநூல் ஏறக்குறைய மறந்தே போயிற்று.

அதை மீட்டுத் தந்தவர் அதே ஆசிரியர்தான். 1639இல் மரணப்படுக்கையில் கிடந்த குரூகர், வான ஆராய்ச்சியைக் கைவிட வேண்டாம் என்று தம் பழைய மாணவரைக் கேட்டுக்கொண்டார். அவ்வாண்டு நிகழ்ந்த சூரிய கிரகணத்தையும் ஹெவீலியஸ் கண்டு ஆராய்ந்தார். அதன்பின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. 1641இல் தம் வீட்டுக் கூரையின்மேல் வானோக்கு நிலையம் ஒன்றை அமைக்கத் தொடங்கினார். பகலில் வாணிபம், இரவில் வானம். வேண்டிய வில்லைகளைத் தாமே தேய்த்துத் தொலைநோக்கிகளையும் செய்துகொண்டார்.

கலீலியோ 1609இல் தொலைநோக்கியை நிலவின்பால் திருப்பி, அது வழவழப்பான உருண்டையன்று, மலையும் பள்ளமும் நிறைந்தது என்று கண்டார். ஆனால் அவர் வெளியிட்ட படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. நிலவு முழுவதையும் வரைந்து காட்டும் பணியை ஹெவீலியஸ் தம் தோள்மேல் ஏற்றுக்கொண்டார்.

நிலவைப் பார்ப்பதற்குப் பௌர்ணமியே சிறந்த நாள் என்று நாம் நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. பௌர்ணமியன்று கதிரவனின் ஒளி நேராக விழுவதால் நிழலே தெரிவதில்லை. மலைகளும் தட்டையாகத் தோன்றும். ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டின் அருகேதான் நிழல்கள் நீண்டு விழுந்து, மேடு எது, பள்ளம் எது என்று காட்டிக்கொடுக்கின்றன. அந்த எல்லைக்கோடோ இரவுக்கு இரவு நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, நிலவு முழுவதையும் அறிய விரும்புபவர் ஒவ்வோர் இரவும் விழித்திருக்க வேண்டும். ஓர் இரவு மேகம் மறைத்தால் அதே காட்சிக்கு அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டும். ஹெவீலியஸ் காத்திருந்தார். இரவில் கண்டு வரைந்ததைத் தம் கையாலேயே செப்புத் தகட்டில் செதுக்கினார். அச்சில் படம் நேராக விழ வேண்டுமானால் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். எத்தகைய பொறுமை!

1647இல் அவருடைய சொந்தச் செலவில் 'செலினோகிராபியா' என்னும் பெருநூல் வெளிவந்தது. நிலவுக்கென்றே அமைந்த முதல் படத்தொகுப்பு அதுவே. வளர்பிறை, தேய்பிறைத் தோற்றங்கள் ஏறத்தாழ 40 அதில் இடம்பெற்றன; முழுநிலவின் பெரிய படங்களும் இருந்தன. நிலவு நமக்கு ஒரு முகத்தையே காட்டினாலும் மெல்லத் தலையசைப்பதுபோல் இடமும் வலமும் சற்றே ஆடுகிறது என்பதையும் அவர் கண்டறிந்தார்.

மலைகளுக்குப் பெயர் வேண்டுமே! மனிதர் பெயரைச் சூட்டினால் பொறாமையும் பூசலும் வருமென்று அஞ்சி, பூமியின் மலை, கடல்களின் பெயர்களையே சூட்டினார். ஆனால் 1651இல் ரிச்சியோலி என்னும் இத்தாலியத் துறவி அறிஞர்களின் பெயர்களைச் சூட்டினார். உலகம் அதையே ஏற்றது. ஹெவீலியஸ் எட்னா என்றழைத்த வட்டப்பள்ளம் இன்று கோப்பர்னிக்கஸ். ஆல்ப்ஸ், அப்பெனைன் போன்ற சில பெயர்களே எஞ்சின. அவர் கடல் என்று கருதிய கரும்பரப்புகளில் நீரில்லை, உறைந்த எரிமலைக் குழம்பே உள்ளது என்பதையும் இன்று அறிவோம்.

அவரிடம் பிடிவாதமும் உண்டு. நிலவுக்குத் தொலைநோக்கியைப் பயன்படுத்தியவர், விண்மீன்களின் இடத்தை அளக்க வெறுங்கண்ணே போதுமென்றார். 1679இல் இளைஞர் ஹாலி இலண்டனிலிருந்து நேரில் வந்து சோதித்து, முதியவரின் கண்கூர்மையைக் கண்டு வியந்தார். எனினும் எதிர்காலம் தொலைநோக்கியின் பக்கமே இருந்தது.

ஹாலி சென்ற சில மாதங்களில், செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, தீ மூண்டது. வீடுகள், கருவிகள், அச்சகம், நூல்கள் யாவும் சாம்பலாயின. அப்போது அவருக்கு வயது 68. பலர் ஓய்ந்து உட்கார்ந்துவிடும் வயது! அவரோ போலந்து மன்னர் சோபியெஸ்கி முதலியோரின் உதவியுடன் மீண்டும் நிலையம் கட்டினார். மீண்டும் வானத்தைப் பார்த்தார். உதவிய மன்னரின் கேடயத்தை ஒரு விண்மீன் குழுவுக்குப் பெயராக்கி நன்றிக்கடன் தீர்த்தார்.

1687 சனவரி 28இல், தம் 76ஆம் பிறந்தநாளன்றே அவர் கண்மூடினார். அவருடன் நெடுங்காலம் சேர்ந்து வானை அளந்தவர் இரண்டாம் மனைவி எலிசபெத். நிலவுநூல் வெளிவந்த அதே 1647இல் பிறந்தவர் அவ்வம்மையார். தீயில் தப்பிய கையெழுத்துப் படிகளிலிருந்து, 1500க்கும் மேற்பட்ட விண்மீன்களின் பட்டியலை 1690இல் அவரே வெளியிட்டார். கணவரின் கடைசிக் கடமை மனைவியின் கையால் நிறைவேறிற்று.

ஹெவீலியஸ் இட்ட பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. அவர் கட்டிய நிலையம் எரிந்தது. ஆனால் கண்டதைக் கண்டபடி, பொறுமையாக, மறுபடியும் மறுபடியும் பார்த்து எழுதிவைக்கும் நெறி எரியவில்லை. நண்பர்களே, வரும் வளர்பிறை அஷ்டமியன்று சிறிய தொலைநோக்கியொன்று கிடைத்தால் நிலவைப் பாருங்கள். எல்லைக்கோட்டருகே அப்பெனைன் மலைத்தொடர் ஒளிரும். தான் பெயரிட்ட அம்மலைகளை அவர் கூரைமேல் நின்று கண்ட காட்சியும் அதுவே.