திருப்பி அனுப்பப்பட்டவர் தலைவரானார்!



அரியாங்குப்பத்தில் எங்கள் தெருப் பையன்கள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், மட்டையும் ஸ்டம்புமாக ஆற்றங்கரைப் பக்கத்துத் திடலுக்குக் கிளம்பிவிடுவார்கள். போன வாரம் நான் நடைப்பயிற்சி முடித்துத் திரும்பும்போது அங்கே ஒரே சத்தம். இரண்டு அணிகளுக்கும் ஆள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் பூவரச மரத்தடியில் தலையைக் குனிந்தபடி தனியாக நின்றான்.

என்னவென்று விசாரித்தேன். அதற்கு முந்தைய வாரம் அவனுக்கு ரன் அவுட் கொடுத்தார்களாம். கோபத்தில் மட்டையை வீசி எறிந்து, கெட்ட வார்த்தையும் பேசிவிட்டானாம். இனி எப்போதுமே அவனுக்கு அணியில் இடம் இல்லை என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். இத்தனைக்கும் அந்தத் தெருவிலேயே நன்றாகப் பந்து வீசுபவன் அவன்தான்!

என்னையே தீர்ப்புச் சொல்லும்படி கேட்டார்கள். நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. எல்லாரையும் மரத்தடியில் உட்கார வைத்து ஒரு பெரிய கிரிக்கெட் வீரரின் கதையைச் சொன்னேன். அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் சதம்

அவர் பெயர் லாலா அமர்நாத். பஞ்சாபில் உள்ள கபூர்தலாவில் 1911ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. லாகூர் நகரில் வளர்ந்து, அங்கேதான் கிரிக்கெட் கற்றார்.

1933 டிசம்பரில் இந்திய மண்ணில் முதல் டெஸ்ட் போட்டி நடந்தது. இடம், பம்பாய் ஜிம்கானா மைதானம். எதிரணி இங்கிலாந்து. அதன் தலைவர் டக்ளஸ் ஜார்டின், மிகவும் கண்டிப்பானவர். நம் அணிக்கு சி.கே. நாயுடு தலைவர். அமர்நாத்துக்கு அப்போது வயது 22. அதுதான் அவருக்கு முதல் டெஸ்ட்.

முதல் இன்னிங்சில் 38 ரன் எடுத்தார். இரண்டாவது இன்னிங்சில் 118 ரன் குவித்தார்! டெஸ்ட் போட்டியில் இந்தியர் ஒருவர் அடித்த முதல் சதம் அதுதான். ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்து மாலை போட்டார்கள். பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிப் பரிசாகக் கொடுத்தார்களாம். அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது. ஆனாலும் அமர்நாத்தின் பெயர் நாடு முழுவதும் பரவிவிட்டது. அதே தொடரில் நம் சென்னை சேப்பாக்கத்திலும் அவர் ஆடினார்.

பாதியில் வந்த கப்பல் பயணம்

1936இல் இந்திய அணி இங்கிலாந்துக்குச் சென்றது. விஜயநகரம் மகாராஜகுமார் தலைவர் ஆனார். விஜ்ஜி என்று அவரைச் சுருக்கமாக அழைப்பார்கள். பெரும் பணக்காரர். அவர் தலைவர் ஆனதற்குப் பணமும் செல்வாக்கும்தான் காரணம். ஆட்டத் திறமை அல்ல. அந்தத் தொடரின் 3 டெஸ்ட் போட்டிகளிலும் சேர்த்து அவர் எடுத்தது வெறும் 33 ரன்தான்.

அமர்நாத்தோ, டெஸ்ட் போட்டிகள் தொடங்கும் முன்பே, பயிற்சி ஆட்டங்களில் 600க்கும் மேல் ரன் எடுத்திருந்தார். 30க்கும் மேல் விக்கெட் வீழ்த்தியிருந்தார். அணியில் அவரைவிட நன்றாக ஆடியவர் யாரும் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு குறை உண்டு. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். கோபம் சட்டென்று வந்துவிடும்.

லார்ட்ஸ் மைதானத்தில் ஒரு ஆட்டம். அமர்நாத்துக்கு முதுகு வலி. இருந்தும் கால் காப்புகளைக் கட்டிக்கொண்டு தயாராக இருக்கச் சொன்னார்கள். அவரும் காத்திருந்தார். ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் வேறு ஒருவரை அனுப்பினார் விஜ்ஜி. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அன்றைய ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோதுதான் அமர்நாத்தை அனுப்பினார்கள். ஆடிவிட்டுத் திரும்பியவர், உடை மாற்றும் அறையில் தன் பொருள்களைத் தூக்கி எறிந்தார். பஞ்சாபி மொழியில் கோபமாக ஏதோ சொன்னார்.

அவர் செய்தது தவறுதான். ஆனால் அதற்குக் கிடைத்த தண்டனையைப் பாருங்கள். முதல் டெஸ்ட் தொடங்கும் முன்பே, அணியின் தலைவரும் மேலாளரும் அவரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மூத்த வீரர்கள் சிலர் அவருக்காகக் கெஞ்சினார்கள். அமர்நாத்தும் மன்னிப்புக் கேட்டார். எதுவும் பயன்படவில்லை.

நஷ்டம் யாருக்கு? அணிக்குத்தான்! நல்ல ஆட்டக்காரரை இழந்த இந்தியா, 3 டெஸ்டுகளில் இரண்டில் தோற்றது. பிறகு பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி பியூமாண்ட் தலைமையில் விசாரணை நடந்தது. விஜ்ஜி அணியை நடத்திய விதத்தையே அந்தக் குழு பெரிதும் குறை கூறியது. அமர்நாத் மீது விழுந்த களங்கம் பெருமளவு நீங்கியது.

12 ஆண்டுக் காத்திருப்பு

களங்கம் நீங்கினாலும் காலம் கை கொடுக்கவில்லை. 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. டெஸ்ட் போட்டிகள் நின்றுபோயின. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் ஆடியவர், அடுத்த டெஸ்ட் ஆடியது 1946 ஜூனில். இடையில் 12 ஆண்டுகள்! இளமையின் சிறந்த காலம் அப்படியே போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் மட்டையை மூலையில் போட்டிருப்பார்கள். அமர்நாத் உள்நாட்டுப் போட்டிகளில் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார்.

1946இல் இங்கிலாந்து செல்லும் அணியில் மீண்டும் சேர்க்கப்பட்டார். எந்த லார்ட்ஸ் மைதானத்தில் அவமானப்பட்டாரோ, அதே மைதானத்தில் ஒரே இன்னிங்சில் 5 விக்கெட் எடுத்தார். அடுத்து மான்செஸ்டரிலும் 5 விக்கெட்!

1947இல் நாடு விடுதலை பெற்றது. ஆஸ்திரேலியாவுக்குச் செல்ல அணி தேர்ந்தெடுத்தார்கள். தலைவராகப் போக வேண்டிய விஜய் மெர்ச்சன்ட் விலகிக்கொண்டார். அந்தப் பொறுப்பு அமர்நாத்துக்கு வந்தது. ஆம், பாதியில் திருப்பி அனுப்பப்பட்டவர்தான் சுதந்திர இந்தியாவின் முதல் கிரிக்கெட் கேப்டன்!

அந்தத் தொடரில் பிராட்மேனின் அணியிடம் இந்தியா 4 டெஸ்டுகளில் தோற்றது. ஆனால் ஒரு சுவையான செய்தி சொல்கிறேன். பிராட்மேன் தன் டெஸ்ட் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஹிட் விக்கெட் ஆனார். அதாவது தானே ஸ்டம்பைத் தட்டிவிட்டு அவுட் ஆனார். அப்போது பந்து வீசியவர் நம் அமர்நாத்தான்.

மறுபடியும் தடை

பிரச்சினை அத்தோடு முடிந்ததா? இல்லை. கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்த டி மெல்லோவுக்கும் அவருக்கும் மோதல் ஏற்பட்டது. ஒழுங்கீனமாக நடந்ததாகக் குற்றம் சாட்டி, 1949இல் வாரியம் அவரைத் தடை செய்தது. பிறகு அந்தத் தடை நீங்கியது.

1952இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணி 3 டெஸ்டுகளில் தோற்றுத் திரும்பியது. அந்த அணியில் அமர்நாத் இல்லை. அதே ஆண்டு, புதிதாக டெஸ்ட் தகுதி பெற்ற பாகிஸ்தான் அணி இந்தியா வந்தது. யாரைத் தலைவராக்குவது என்ற கேள்வி எழுந்தது. 41 வயது அமர்நாத்தை மீண்டும் அழைத்தார்கள்.

டெல்லியில் வினூ மன்கட் இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 13 விக்கெட் எடுக்க, இந்தியா வென்றது. லக்னோவில் பாகிஸ்தான் வென்றது. பம்பாயில் மீண்டும் இந்தியாவுக்கு வெற்றி. இங்கிலாந்தில் தலைவராக இருந்த விஜய் ஹசாரே, இப்போது அமர்நாத்தின் கீழ் சாதாரண வீரராக ஆடி, அவுட் ஆகாமல் 146 ரன் எடுத்துக் கொடுத்தார். மீதி இரண்டு போட்டிகளும் டிரா. 2க்கு 1 என்று தொடரை வென்றது இந்தியா. டெஸ்ட் தொடர் ஒன்றை இந்தியா வென்றது அதுவே முதல் முறை!

24 டெஸ்டுகள், 878 ரன், 45 விக்கெட். அந்த வெற்றியோடு அமர்நாத்தின் டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது.

பெற்றதைத் திருப்பிக் கொடுத்தவர்

கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஓய்வு பெற்ற அமர்நாத், அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் தலைவர் ஆனார். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற பொறுப்பு இப்போது அவர் கையில்!

1959 டிசம்பரில் ஆஸ்திரேலியா இங்கே வந்திருந்தது. அதுவரை அவர்களோடு ஆடிய 9 டெஸ்டுகளில் ஒன்றில்கூட நாம் வென்றதில்லை. அடுத்த டெஸ்ட் கான்பூரில். அங்கே ஆடுகளம் புதிதாகப் போடப்பட்டிருந்தது. மண்ணைப் பார்த்தே பந்து எப்படித் திரும்பும் என்று கணித்துவிடுவார் அமர்நாத். இங்கே ஜசு படேல் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார்.

ஜசு படேல் குஜராத்தைச் சேர்ந்தவர். சுழற்பந்து வீச்சாளர். சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்து கை முறிந்ததால், அவர் பந்து வீசும் விதமே சற்று விநோதமாக இருக்கும். வயதோ 35. சில ஆண்டுகளாகவே டெஸ்ட் அணியில் இடம் கிடைக்காமல் இருந்தார். அவர் காலம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

நடந்தது என்ன தெரியுமா? முதல் இன்னிங்சில் 69 ரன் கொடுத்து 9 விக்கெட்! இரண்டாவது இன்னிங்சில் 5 விக்கெட்! மொத்தம் 14. இந்தியா 119 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நமக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி அது.

ஒதுக்கி வைக்கப்படுவதன் வலி என்ன என்று அமர்நாத்துக்குத் தெரியும். ஆனால் அவர் ஜசு படேல் மீது இரக்கப்பட்டு இடம் கொடுக்கவில்லை. அந்த மைதானத்துக்கு, அந்த நாளுக்கு, அவரால் என்ன செய்ய முடியும் என்று பார்த்துத்தான் கொடுத்தார்.

அமர்நாத்துக்கு 1991இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி டெல்லியில் காலமானார். அவருடைய மகன் சுரீந்தரும் அப்பாவைப் போலவே முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். இன்னொரு மகன் மொஹிந்தர், அணியிலிருந்து பலமுறை நீக்கப்பட்டு, பலமுறை திரும்பி வந்தவர். 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆட்ட நாயகன் அவர்தான்.

குழந்தைகளே, கதை முடிந்ததும் எங்கள் தெரு அணியின் தலைவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு எழுந்து அந்தப் பையனிடம் போனான். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதல் ஆட்டத்தில் ஃபீல்டிங் மட்டும்தான். ஒழுங்காக இருந்தால் இரண்டாவது ஆட்டத்தில் பந்து தரப்படும் என்றான். அவனும் மன்னிப்புக் கேட்டுவிட்டு எல்லைக்கோட்டுக்கு ஓடினான்.

தவறுக்குத் தண்டனையும் இருந்தது. திரும்பி வர வழியும் இருந்தது. 1936இல் லார்ட்ஸில் இருந்த பெரியவர்களுக்குத் தோன்றாதது, அரியாங்குப்பத்துப் பையன் ஒருவனுக்குத் தோன்றியது. நான் தீர்ப்புச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு சரியாகச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்!

இரண்டாவது ஆட்டத்தில் அவன் எத்தனை விக்கெட் எடுத்தான் என்று கேட்கிறீர்களா? ஒன்றுகூட இல்லை. ஒரு கேட்ச் வேறு தவறியது. ஆனால் அவன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த பந்தை வீசப் போனான்.