வைணு பாப்பு: நட்சத்திர ஒளியைப் படிக்கக் காவலூரில் இடம் அமைத்தவர்

கம்போங் மேடான் அடுக்குமாடி வீடுகளிலிருந்து இரவில் மேலே பார்த்தால், விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நட்சத்திரங்கள் தெரியும். நகர வெளிச்சம் மற்றதையெல்லாம் விழுங்கிவிடுகிறது. நட்சத்திர ஆய்வுக்கு முதல் தேவையே இருட்டுதான். அந்த இருட்டைத் தேடித் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலைக்குப் போனவர் வானியலாளர் வைணு பாப்பு.

யார் இவர்?

1927-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையில் பிறந்தார். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கப் போன பாப்பு, 1949-இல் போக், நியூகிர்க் இருவருடன் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அது மூவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

பிறகு ஓலின் வில்சனுடன் சேர்ந்து, நட்சத்திர ஒளியில் தெரியும் ஒரு கால்சியம் கோட்டின் அகலத்தை வைத்தே அதன் உண்மையான பிரகாசத்தைக் கணிக்கலாம் என்று காட்டினார். பிரகாசம் தெரிந்தால் தூரமும் தெரியும். 1957-இல் வெளியான இதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர்.

காவலூர் எப்படி வந்தது?

பாப்பு அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். ஆனால் நாடு திரும்பினார். 1960-இல் கொடைக்கானல் வானாய்வக இயக்குநரானார். அங்கே சூரிய ஆய்வுதான் முக்கியம். நட்சத்திரங்களுக்கென வேறு இடம் வேண்டும் என்று தேடி, வாணியம்பாடிக்கு அருகிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் வேலை தொடங்கியது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

கார்பன் நட்சத்திரம் என்றால்?

பெரும்பாலான நட்சத்திரங்களில் கார்பனைவிட ஆக்சிஜன் அதிகம். சிலவற்றில் மட்டும் இது தலைகீழ். கார்பனில் ஒரு பகுதி ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். மிச்சக் கார்பன் வேறு மூலக்கூறுகளாகி, ஒளியில் கருமையான பட்டைகளை விட்டுச்செல்லும். இத்தாலியப் பாதிரியார் செக்கி 1860-களிலேயே இவற்றைத் தனி வகையாகப் பிரித்தார்.

சரி, அதிலும் அபூர்வமானதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 430 நானோமீட்டர் அருகே கார்பன்-ஹைட்ரஜன் பட்டை பலமாக இருந்து, பேரியம் கோடுகளும் அழுத்தமாக இருந்தால் அது சிஎச் வகை. பக்கத்துத் துணை நட்சத்திரம் முன்பு கொட்டிய பொருள்தான் அதற்குக் காரணம். ஹைட்ரஜன் அடையாளமே மிகக் குறைவா? அப்படியென்றால் திடீரென மங்கிப்போகும் ஆர் கொரோனா பொரியாலிஸ் வகையாக இருக்கலாம். இந்த வகை நட்சத்திரங்கள் காவலூரிலும் ஆராயப்பட்டன.

பார்க்காமல் போன தொலைநோக்கி

1979-இல் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகப் பாப்பு தேர்வானார். உள்நாட்டிலேயே பெரிய தொலைநோக்கி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் 1982 ஆகஸ்ட் 19-ஆம் தேதி, 55 வயதில், ஜெர்மனியின் மியூனிக்கில் காலமானார். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல்தான் திறக்கப்பட்டது. அந்தத் தொலைநோக்கிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் இன்று அவர் பெயர்தான்.