பெயரை மறந்த சிறுமியும் மறவாத இறைவனும்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. தாய் அருகில் இருக்கும்வரை இது உண்மை. ஆனால் அழுகையைக் கேட்கத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை என்றால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? துன்பப்படுவோரின் குரலை இறைவன் கேட்கிறார், அவர்களை நினைவுகூர்கிறார் என்று மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். அப்படியானால் எத்தனையோ பேர் ஏன் ஆண்டுக்கணக்காக அழுகிறார்கள்? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, அடிமைச் சந்தையில் விற்கப்பட்டுப் பின் புனிதையாக உயர்ந்த ஜோசப்பின் பக்கித்தாவின் வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம்.

ஆப்பிரிக்கக் கண்டத்தில் சூடான் நாட்டின் மேற்குப் பகுதிக்கு டார்ஃபூர் என்று பெயர். அங்கே ஓர் சிற்றூரில் ஏறத்தாழ 1869ஆம் ஆண்டில் அவள் பிறந்தாள். அன்பான பெற்றோர், உடன்பிறந்தோர் பலர், கால்நடைகள், விளைநிலம் என்று குறைவில்லாத குடும்பம். இரவில் நிலவையும் விண்மீன்களையும் அண்ணாந்து பார்த்து, இவ்வளவு அழகான பொருள்களுக்கெல்லாம் உரிமையாளர் யாராக இருக்கும் என்று அந்தச் சிறுமி வியப்பாளாம். அவரைக் காண வேண்டும், வணங்க வேண்டும் என்ற ஆசை, அவருடைய பெயரை அறியுமுன்பே அவள் உள்ளத்தில் முளைத்திருந்தது.

அக்காலத்தில் சூடான் கிராமங்களில் அடிமை வியாபாரிகள் புகுந்து மக்களைப் பிடித்துச் செல்வது வழக்கம். அவளுடைய அக்காள் ஒருத்தியை முன்பே பறிகொடுத்து அக்குடும்பம் கண்ணீர் விட்டிருந்தது. 1877ஆம் ஆண்டளவில் அவளுக்கும் அதே கதி நேர்ந்தது. வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் தோழியுடன் இருந்தவளை இரண்டு முரடர்கள் கத்தியைக் காட்டி மிரட்டி இழுத்துச் சென்றனர். உன் பெயர் என்ன என்று கேட்டபோது, அச்சத்தால் நாவும் எழவில்லை, நினைவும் வரவில்லை. அவர்களே பக்கித்தா என்று பெயரிட்டார்கள். அரபு மொழியில் அதற்குப் பாக்கியவதி என்று பொருள்! பெற்ற தாய் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள் என்பது அவளுக்குச் சாகும்வரை நினைவுக்கு வரவே இல்லை.

வெறுங்காலோடு எல் ஒபெய்த் நகரம்வரை பல நூறு கிலோமீட்டர் நடத்தப்பட்டாள். வழியிலேயே கைமாறி விற்கப்பட்டாள். ஒருமுறை வேறொரு சிறுமியோடு தப்பி ஓடினாள். இரவெல்லாம் காட்டில் அலைந்த இருவரையும், அடைக்கலம் தருவதுபோல் நடித்த ஒருவன் ஆடுகளோடு அடைத்து வைத்து, மறுபடியும் விற்றுவிட்டான். ஓர் எஜமானின் மகன் அடித்த அடியில் பல நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். பின்னர் ஒரு துருக்கிய அதிகாரியின் வீட்டில், அடிமை என்பதற்கு அடையாளமாக அவள் உடலில் மாவால் கோலம் வரைந்து, அதன்மேல் கத்தியால் கீறி, காயங்களில் உப்பைத் தேய்த்தார்கள். அத்தகைய வடுக்கள் 114 என்று கூறப்படுகிறது. அப்போது அவள் நம்மைவிடச் சிறியவள்.

இதில் ஒரு வேதனை என்னவென்றால், அடிமை வாணிகத்தைத் தடுக்க பிரிட்டனும் எகிப்தும் ஒப்பந்தம் செய்துகொண்டது அதே 1877ஆம் ஆண்டில்தான். சூடான் அப்போது எகிப்தின் ஆட்சியில் இருந்தது. தாளில் சட்டம் இருந்தது. பாலைவனத்தில் சங்கிலி இருந்தது. மனிதரின் சட்டத்துக்குக் காது இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. இறைவனுமா கேட்கவில்லை?

திருவிவிலியத்தில் ஆகார் என்ற அடிமைப்பெண்ணைப் பற்றி வாசிக்கிறோம். அவளும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த எகிப்து நாட்டவள். பாலைவனத்தில் அவள் துயரத்தைக் கேட்ட இறைவன், அவளுக்குப் பிறக்கவிருந்த மகனுக்கு இஸ்மாயேல் என்று பெயர் சூட்டச் சொன்னார். இறைவன் கேட்கிறார் என்பதே அப்பெயரின் பொருள். எகிப்தில் செங்கல் அறுத்த இஸ்ரயேல் மக்களின் கூக்குரலைக் கேட்டு, இறைவன் தம் உடன்படிக்கையை நினைவுகூர்ந்தார் என்று விடுதலைப் பயண நூலில் படிக்கிறோம். நினைவுகூர்ந்தார் என்றால் அதற்கு முன் மறந்திருந்தார் என்று பொருளல்ல. நாம் தேர்வு அறையில் மறந்த பாடத்தை நினைவுக்குக் கொண்டுவருவது போன்றதல்ல அது. இறைவன் நினைத்தார் என்றால் செயலில் இறங்கினார் என்று பொருள். அவர் என்ன செய்தார்? வானத்திலிருந்து சங்கிலியை அறுக்கவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மோசேயைக் கூப்பிட்டு, நீ போ என்று அனுப்பினார். மோசே தயங்கினார். அனுப்பப்படுகிறவர் தயங்கினால், அழுகிறவர் இன்னும் சிறிது காலம் அழ நேர்கிறது. தாமதம் இறைவனின் செவியில் இல்லை. மனிதரின் கால்களிலும் இருக்கலாம்.

பக்கித்தாவுக்காகவும் சிலர் அனுப்பப்பட்டார்கள். 1883இல் கார்ட்டூம் நகரில் கலிஸ்தோ லெஞ்ஞானி என்ற இத்தாலியத் தூதரக அதிகாரி அவளை விலைக்கு வாங்கினார். அவர் வீட்டில் சவுக்கு இல்லை, திட்டும் இல்லை. மஹ்தியின் படை கார்ட்டூமை நெருங்கியபோது அவர் தாயகம் புறப்பட்டார். தன்னையும் உடன் கூட்டிச் செல்லும்படி அவள் மன்றாடினாள். 1885இல் இத்தாலியில் கால் வைத்த அவள், வெனிஸ் நகருக்கு அருகில் மிக்கியேலி என்னும் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டாள். அவர்களுடைய பெண்குழந்தைக்கு அவளே தாதி. அக்குடும்பத்தின் சொத்துகளைக் கவனித்துவந்த இல்லுமினாத்தோ கெக்கினி என்னும் பக்திமான், அவளுக்கு ஒரு வெள்ளிச் சிலுவையைத் தந்தார். தனக்கென்று ஒரு பொருளும் வைத்துக்கொள்ள உரிமையில்லாமல் வளர்ந்தவள், எஜமானி பறித்துவிடுவாளோ என்று அஞ்சி அதை ஒளித்து வைத்தாள். அந்தச் சிலுவையில் தொங்குகிறவரும் தன்னைப்போல் அடிபட்டவர் என்பதை அவள் மெல்ல அறிந்துகொண்டாள்.

1888இல் எஜமானி மீண்டும் சூடானுக்குச் சென்றபோது, பக்கித்தாவும் குழந்தையும் வெனிஸில் கனோசியன் கன்னியரிடம் விடப்பட்டனர். சிறுவயதில் விண்மீன்களைப் பார்த்துத் தேடிய அந்த உரிமையாளர் யார் என்று அங்கேதான் அவளுக்குக் கற்பிக்கப்பட்டது. எஜமானி திரும்பி வந்து அழைத்தபோது, வாழ்க்கையில் முதன்முறையாக அவள் வரமாட்டேன் என்று சொன்னாள். எஜமானி விடவில்லை. கன்னியர் இல்லத் தலைவி அதிகாரிகளிடம் முறையிட்டார். இத்தாலியச் சட்டத்தில் அடிமைத்தனத்துக்கு இடமில்லை. எனவே பக்கித்தா சுதந்திரமானவள் என்று 1889 நவம்பர் 29இல் தீர்ப்பாயிற்று. தாளில் இருந்த சட்டத்துக்கு அன்று காது முளைத்தது; அவளுக்காகப் பேச ஒருவர் முன்வந்ததால்தான்.

1890 ஜனவரி 9இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஜோசப்பின் மார்கரீத்தா என்ற பெயர்களோடு, பக்கித்தா என்பதன் லத்தீன் வடிவமான ஃபோர்த்துனாத்தா என்ற பெயரும் சூட்டப்பட்டது. கள்வர்கள் கேலியாக வைத்த பெயரை இறைவன் உண்மையாக்கினார். தம் சொந்தப் பெயரை அறியாத பெண்ணுக்கு, தாம் இறைவனின் மகள் என்பது தெரிந்துவிட்டது. பின்னாளில் அந்த ஞானஸ்நானத் தொட்டியைக் காணும்போதெல்லாம் அதை முத்தமிடுவார். இறைவனை அவர் வெனிஸ் நாட்டுப்புறப் பேச்சில் எஜமான் என்றே அழைத்தார். எத்தனையோ எஜமானர்களின் சவுக்கைக் கண்டவர், அதே சொல்லை அன்பின் சொல்லாக மாற்றிக்கொண்டார்.

1896இல் கன்னியர் சபையில் வார்த்தைப்பாடு கொடுத்தார். 1902 முதல் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை ஸ்கியோ என்ற ஊரின் மடத்தில் கழித்தார். சமையல் செய்தார், பூவேலை செய்தார், கோவில் பொருள்களைப் பராமரித்தார், வாயிற்காப்பாளராக இருந்தார். கதவைத் தட்டிய ஏழைகளும் பள்ளிப் பிள்ளைகளும் அவருடைய கனிந்த குரலால் ஆறுதல் அடைந்தனர். தம் அழுகையைக் கேட்க ஆளில்லாமல் வளர்ந்தவருக்குப் பிறர் குறைகளைக் கேட்கும் வேலையே கிடைத்தது பாருங்கள்!

தம்மைக் கடத்தியவர்களைக் கண்டால் மண்டியிட்டு அவர்கள் கைகளை முத்தமிடுவேன், அவர்கள் இல்லாவிட்டால் கிறிஸ்துவை அறிந்திருக்க மாட்டேன் என்று அவர் கூறினாராம். இது நம்மால் எளிதில் எட்ட முடியாத உயரம். ஆனால் அவர் பட்டது துன்பமே இல்லை என்று நாம் நினைத்துவிடக் கூடாது. 1947ஆம் ஆண்டு மரணப் படுக்கையில் நினைவு தடுமாறியபோது, சங்கிலிகள் கனக்கின்றன, தளர்த்திவிடுங்கள் என்று தாதியிடம் கெஞ்சினார். அறுபது ஆண்டுகளுக்குப் பின்பும் அந்தச் சிறுமி உள்ளே அழுதுகொண்டுதான் இருந்தாள். இறைவன் நினைவுகூர்வது வடுவை அழிப்பதல்ல. வடுவோடு நம்மை ஏற்றுக்கொள்வது. உயிர்த்த ஆண்டவரின் கைகளிலும் வடுக்கள் இருந்தனவே!

பிப்ரவரி 8இல் அவர் இறைவனடி சேர்ந்தார். 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதையாக உயர்த்தினார். 2015 முதல் அவருடைய திருநாள், மனித வாணிகத்துக்கு எதிரான செப நாளாகத் திருச்சபையெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. பக்கித்தாவோடு அந்தப் பாலைவனத்தில் நடந்த மற்றப் பிள்ளைகள் எங்கே? உடன் தப்பி ஓடிய அந்தச் சிறுமி எங்கே? பறிகொடுத்த அக்காள் எங்கே? அவர்களுக்குச் சுரூபமும் இல்லை, திருநாளும் இல்லை. அவர்கள் பெயரும் இறைவனிடம் இருக்கிறது என்று நம்புகிறோம். ஆனால் அவர்களிடம் போகவேண்டியவர்கள் போகவில்லை. நம் நாட்டிலும் கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. அதன் பின்பும் முன்பணக் கடனுக்காகச் சூளைகளில் சிக்கிய குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. ஆகவே தோழியரே, துன்பப்படுவோரை நினைத்தருளும் என்று செபிக்கும்போது, எங்களை அனுப்பும் என்றும் சேர்த்துச் செபிப்போம். இறைவன் கேட்டுவிட்டார். இனி நாம்தான் போகவேண்டும்.

– பத்தாம் வகுப்பு மாணவி