பிள்ளைகள் நடுவே ஒரு பெரிய சாஸ்திரி

ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது உபதேசியாருக்கும் கன்னியருக்கும் உரிய வேலை, பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு அது ஏற்றதல்ல என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. இது இன்று நேற்று உண்டான எண்ணமல்ல. அறுநூறு வருஷங்களுக்கு முன் பிரான்சு தேசத்திலும் அப்படியே பேசினார்கள். அவர்களுக்குச் சொல்லாலும் செயலாலும் பதில் கொடுத்த ஒரு குருவானவரின் சரித்திரத்தை இவ்வாரம் நம் குடும்பங்களுக்காக எழுதுகிறோம். அவர் பெயர் ஜான் ஜெர்சன்.

பிரான்சின் வடகிழக்கில், ரெத்தெல் என்ற ஊருக்குச் சமீபத்தில் ஜெர்சன் என்னும் குக்கிராமம் இருந்தது. அங்கே 1363ம் வருஷம் டிசம்பர் 14ந் தேதி, அர்னூல் ஷார்லியே, எலிசபெத் என்ற தம்பதிகளுக்கு ஜான் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அந்த வீட்டில் மொத்தம் 12 பிள்ளைகள். பிற்காலத்தில் ஊரின் பெயரே அவருக்குப் பெயராகிவிட்டது. தகப்பனார் ஒருநாள் சுவரில் சாய்ந்து நின்று, இரு கைகளையும் விரித்துக் காட்டி, நம்மை இரட்சித்த ஆண்டவர் இப்படித்தான் சிலுவையில் அறையுண்டார் என்று சின்ன மகனுக்கு விளக்கினாராம். வயோதிகத்திலும் அந்தக் காட்சி ஜெர்சனுடைய மனதை விட்டு அகலவில்லை. அவர் கற்ற முதல் வேதபாடம் அதுவே. அந்த வீட்டிலிருந்து மூன்று தம்பிமாரும் சந்நியாச மடங்களில் சேர்ந்தார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

பதினான்காம் வயதில் ஜான் பாரிஸ் நகரத்து நவார் கல்லூரிக்குப் படிக்கப் போனார். பிற்காலத்தில் கர்தினாலான பியேர் தாய்யி அவருக்கு ஆசிரியர். மாணவனுடைய புத்திக்கூர்மையைக் கண்டு அவர் சிநேகம் பாராட்டினார். 1395ல் அந்த ஆசிரியர் வகித்த பதவியே மாணவனுக்குக் கிடைத்தது. 31 வயதில் ஜெர்சன் பாரிஸ் சர்வகலாசாலையின் சான்சலரானார். வேதசாஸ்திரப் படிப்பில் அக்காலத்து ஐரோப்பாவில் அதற்கு மேலான ஸ்தானம் இல்லையென்றே சொல்லலாம்.

ஆனால் அது திருச்சபை துயரத்தில் மூழ்கியிருந்த காலம். 1378 முதல் உரோமையில் ஒரு பாப்பரசர், அவிஞ்ஞோனில் மற்றொருவர் என்று இருவர் உரிமை கொண்டாடினார்கள். இராஜ்யங்கள் இரண்டு பட்டன. அர்ச்சியசிஷ்டவர்களும் கூட ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். 1409ல் பீசா நகரில் கூடிய சங்கம் சமாதானம் பண்ணப் போய், மூன்றாவது ஒருவரைத் தெரிந்துகொண்டதுதான் மிச்சம். விசுவாசிகள் எந்தக் குரலுக்குச் செவிகொடுப்பது?

சான்சலர் பதவியில் ஜெர்சனுக்குச் சந்தோஷம் இல்லை. 1399ல் ப்ரூஜ் நகருக்குப் போய்ப் பல மாதங்கள் தங்கி, பதவியை விட்டுவிடலாமா என்றும் யோசித்தார். சாஸ்திரிகள் வீண் தர்க்கங்களில் காலங்கழிக்க, சாதாரண ஜனங்கள் ஞானப் பசியால் வாடுகிறார்களே என்பதே அவருடைய வேதனை. ஆகவே 1400ல் தம் சகோதரிகளுக்காகத் தியான செபத்தைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். இலத்தீனில் அல்ல, அவர்கள் பேசும் பிரஞ்சு பாஷையில் எழுதினார். படிக்காத பெண்களுக்கு இவ்வளவு உயர்ந்த விஷயம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. சர்வேசுரனை நேசிப்பதற்குப் பட்டம் தேவையில்லை என்பதே ஜெர்சனுடைய உறுதி.

பிறகு பத்துக் கற்பனைகள், பாவசங்கீர்த்தனம், நன்மரணம் ஆகிய மூன்றையும் பற்றி எளிய நூல் ஒன்றை எழுதி, அதைக் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் எல்லாரும் காணும்படி வைக்கச் சொன்னார். அந்நூல் கடல் கடந்து போய், 1544ல் மெக்சிக்கோ நகரில் அச்சாயிற்று. மரணதண்டனை பெற்ற குற்றவாளிகளுக்கு அக்காலத்துப் பிரான்சில் பாவசங்கீர்த்தனம் மறுக்கப்பட்டு வந்தது. அவர்களுக்காகவும் ஜெர்சன் பரிந்து பேசினார். 1397ல் அரசர் ஆறாம் சார்லஸ் அந்தக் கொடுமையை நீக்கிக் கட்டளையிட்டார்.

சான்சலரே சிறுவர்களுடைய பாவசங்கீர்த்தனம் கேட்பதையும் அவர்களுக்குப் புத்தி சொல்வதையும் கண்டு சிலர் முகம் சுளித்தார்கள். அந்தப் பதவிக்கு அது இழிவாம்! சிறுவர்களைக் கிறீஸ்துநாதரிடம் கொண்டு சேர்ப்பதைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் அவர்களுக்குப் பதிலாக அமைந்தது. திருச்சபையைச் சீர்திருத்த வேண்டுமானால் பிள்ளைகளிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

1407 நவம்பரில் பெரிய சோதனை வந்தது. அரசருடைய தம்பி ஓர்லியான்ஸ் கோமகனைப் பாரிஸ் வீதியில் கொலை செய்தார்கள். செய்வித்தவர் பர்கண்டிக் கோமகன். ஜான் பெத்தி என்ற சாஸ்திரி, கொடுங்கோலனைக் கொல்வது நியாயமே என்று அந்தக் கொலைக்குச் சாதகமாக வாதாடினார். ப்ரூஜ் நகரத்துக் கோயிலில் ஜெர்சன் வகித்த பதவியோ பர்கண்டிக் குடும்பத்தின் தயவால் கிடைத்தது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் கொலை கொலைதான் என்று வெளிப்படையாகப் பேசினார். அந்தப் பதவி கைவிட்டுப் போயிற்று. 1413ல் நடந்த கலகத்தில் அவருடைய வீடும் கொள்ளைபோயிற்று. தேவமாதா பேராலயத்தின் மேற்கூரையில் ஒளிந்து அவர் உயிர் தப்பினார்.

1414ல் கொன்ஸ்தான்சு பொதுச்சங்கம் கூடிற்று. மூவரில் ஒருவர் பதவி துறக்க, மற்ற இருவரும் நீக்கப்பட்டு, 1417 நவம்பர் 11ந் தேதி ஐந்தாம் மார்ட்டின் பாப்பரசராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். பிரிவினை ஒழிந்தது. இதற்காக உழைத்தவர்களில் ஜெர்சன் முக்கியமானவர். 1416 செப்டம்பர் 8ந் தேதி, தேவமாதா பிறந்த திருநாளன்று, அவர் சங்கப் பிதாக்கள் முன்பாக அர்ச். சூசையப்பரைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அக்காலத்தில் சூசையப்பரைத் தளர்ந்த கிழவராகவே சித்திரம் எழுதுவார்கள். ஜெர்சன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எஜிப்துக்கு வழிநடத்தவும், தச்சு வேலை செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றவும் கிழவரால் ஆகுமா? அவர் பலமுள்ள வாலிபராகவே இருந்திருக்க வேண்டும் என்றார். திருக்குடும்பத்தைக் காத்தவருடைய மன்றாட்டினால் பிளவுபட்ட திருச்சபை ஒன்றாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சூசையப்பர்மேல் இலத்தீனில் ஏறக்குறைய 3000 அடிகளில் ஒரு காவியமும் பாடினார். 1870ல் ஒன்பதாம் பத்திநாதர் சூசையப்பரைத் திருச்சபை முழுவதற்கும் பாதுகாவலராக அறிவித்தபோது, இவர் விதைத்த விதை பலன் தந்தது எனலாம்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பொதுச்சங்கம் பாப்பரசருக்கு மேற்பட்டது என்ற அவர் போதனையைத் திருச்சபை ஏற்கவில்லை. ஜான் ஹுஸ் என்பவரைப் பதிதரென்று தீர்ப்பிட்டவர்களில் அவரும் ஒருவர். 1415 ஜுலை 6ந் தேதி ஹுஸ் உயிரோடு எரிக்கப்பட்டார். அந்தக் கொடிய மரணத்துக்காக 1999ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் ஆழ்ந்த மனவருத்தம் தெரிவித்தார். மரணதண்டனைக் கைதிகளுக்காக இரங்கியவர் இங்கே இரங்கத் தவறினார். நல்லவர்களும் தங்கள் காலத்தின் இருளில் இடறுவதுண்டு.

சங்கம் முடிந்தபின் ஜெர்சனால் பாரிசுக்குத் திரும்ப முடியவில்லை. 1418ல் அந்நகரம் பர்கண்டியார் கையில் விழுந்திருந்தது. பதவியும் வீடும் இழந்து, ஜெர்மானிய நாடுகளில் பரதேசியாகத் திரிந்தார். பர்கண்டிக் கோமகன் 1419ல் மாண்டபின், தம்பி அதிபராயிருந்த லியோன் நகரத்துச் செலஸ்தீன் மடத்துக்கு வந்து சேர்ந்தார். கடைசிப் பத்து வருஷங்களை அந்த நகரிலேயே செபத்திலும் எழுத்திலும் கழித்தார். பாப்பரசர்களைப் பற்றி வழக்காடிய அந்த நா, அங்கே தெருப் பிள்ளைகளுக்கு மந்திரங்களையும் கற்பனைகளையும் சொல்லிக் கொடுத்தது. தோல்வியடைந்த மனிதன் என்று உலகம் சொல்லியிருக்கும். 1429 ஜுலை 12ந் தேதி அவர் மரித்தார். சாவு நெருங்கியபோது அந்தப் பிள்ளைகளையே அழைத்து, தம் ஆத்துமத்துக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னார் என்பது பரம்பரைச் செய்தி.

நம் வீடுகளில் வாசிக்கப்படும் கிறீஸ்துநாதர் அநுசாரத்தை எழுதியவர் இவரே என்று வெகுகாலம் பலர் நம்பினார்கள். அதை எழுதியவர் தோமாஸ் கெம்பிஸ் என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆனாலும் அப்படி நம்பும்படியான ஜீவியம் இவருடையது.

பெற்றோரே, ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட வேண்டாம். கையை விரித்துக் காட்டிய அந்தத் தகப்பனார் எந்தப் பட்டமும் பெற்றவரல்ல. இன்றிரவு செபம் முடிந்ததும் பாடுபட்ட சுரூபத்தின் முன் உங்கள் பிள்ளையை நிறுத்தி, ஒரு நிமிஷமாவது அதன் பொருளை விளங்கச் சொல்லுங்கள். திருக்குடும்பத்தின் தலைவரான அர்ச். சூசையப்பர் நம் குடும்பங்கள் அனைத்தையும் காப்பாராக.