முட்புதருக்குள் ஒரு கோளம்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் மெட்டாசென்ட்ரிக் ஹைட் எக்ஸ்பெரிமென்ட் பண்ணியிருப்பீங்க. தண்ணித் தொட்டியில் ஒரு குட்டிக் கப்பல், மேலே நகர்த்துற மாதிரி ஒரு எடை, சாய்வு பார்க்க ஒரு தொங்குகுண்டு. எடையை நகர்த்து, ரீடிங் எடு, ஃபார்முலாவில் போடு, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கு. அத்தோட மறந்தாச்சு.

மிதக்கிற பொருள் சாய்ந்தால் எப்போது நிமிரும், எப்போது கவிழும் என்று 2,200 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் உட்கார்ந்து, படம் வரைந்து, நிரூபித்து எழுதி வைத்திருக்கிறார். ஆர்க்கிமிடீஸ். அந்தப் பேரைச் சொன்னதும் நமக்கு வருவது ஒரே காட்சிதான்: குளியல் தொட்டி, யுரேகா, துணியில்லாமல் தெருவில் ஓட்டம். அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைங்க. அவர் ஓடியதாகச் சொல்லப்படும் அந்தத் தெரு எந்த ஊரில் இருக்கு? அங்கே போய்ட்டு வருவோம், வாங்க.

கடலுக்குள் ஒரு ஊர்

இத்தாலியை மேப்பில் பாருங்க. பூட்ஸ் காலால் ஒரு பந்தை உதைக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பந்துதான் சிசிலி. மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு. அதன் கிழக்குக் கரையில் இருக்கிறது சிரக்கூஸ். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கொரிந்து நகரத்துக் கிரேக்கர்கள் கப்பலில் வந்து குடியேறிய ஊர். முதலில் அவர்கள் இறங்கியது ஒர்டீஜியா என்ற குட்டித் தீவில். இன்றைக்குப் பாலம் வழியா நடந்தே போயிடலாம்.

ஒர்டீஜியாவில் ஒரு கதீட்ரல் இருக்கிறது. சுவரை நெருங்கிப் பார்த்தால் பருத்த கல் தூண்கள் பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அவை கி.மு. 5ஆம் நூற்றாண்டு அதீனா கோயிலின் தூண்கள். கோயிலை இடிக்காமல், தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி தேவாலயமாக்கி விட்டார்கள். ஆர்க்கிமிடீஸ் காலத்திலேயே அந்தத் தூண்களுக்கு 200 வயசு தாண்டிவிட்டது. தினமும் அவர் கண்ணில் பட்ட தூண்களை இன்றைக்கும் நீங்க கையால் தொடலாம்.

கொஞ்சம் தள்ளி, கடலை ஒட்டியே அரெத்தூசா என்ற நன்னீர் ஊற்று. உப்புக் கடலுக்கு அந்தப் பக்கம், நல்ல தண்ணி இந்தப் பக்கம். குளத்துக்குள் பப்பைரஸ் புல் வளர்ந்து நிற்கும். முற்றுகை வந்தாலும் ஊர் தாக்குப்பிடிக்க இந்த மாதிரி தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்று யோசிச்சுப் பாருங்க. அந்த முற்றுகை பின்னால் வருகிறது.

அவர் தட்டில் என்ன இருந்தது?

இப்போ சிசிலிக்குப் போனால் தக்காளி போட்ட பாஸ்தா, உருட்டிப் பொரித்த அரிசி உருண்டை, எலுமிச்சை கிரானீட்டா எல்லாம் சாப்பிடுவீங்க. ஆர்க்கிமிடீஸுக்கு இதில் எதுவும் கிடைத்திருக்காது. எலுமிச்சையும் அரிசியும் கரும்பும் அரபுக்காரர்கள் தீவைப் பிடித்த பிறகு அங்கே பரவியவை. தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது. அவர் காலத்துத் தட்டில் கோதுமை ரொட்டி, ஆலிவ், அத்திப்பழம், பாலாடைக்கட்டி, ஹிப்ளா மலைத் தேன், சூரை மீன்.

அதுக்காக சாப்பாட்டில் குறை என்று நினைக்காதீங்க. சிரக்கூஸ் சாப்பாட்டுக்குப் பேர் போன ஊர். அந்த ஊர் மித்தேக்கஸ் எழுதிய சமையல் புத்தகம் கிரேக்க உலகின் ஆரம்பகாலச் சமையல் நூல்களில் ஒன்று. பிளேட்டோ இங்கே வந்தபோது, ஒரு நாளில் ரெண்டு தடவை வயிறு முட்டச் சாப்பிடுகிற ஊர் இது என்று முகம் சுளித்ததாக அவர் பேரில் உள்ள ஒரு கடிதத்தில் இருக்கிறது.

இந்தச் செழிப்புக்குக் காரணம் கோதுமை. மன்னர் இரண்டாம் ஹியெரோன் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாக வாங்கினார். அதை முறையாக வசூலிக்க அவர் வகுத்த சட்டத்தைப் பின்னால் ரோமானியர்களே அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தானியத்தைக் கப்பலில் ஏற்றி விற்க வேண்டும், துறைமுகத்தைக் காக்க வேண்டும், மதிலைக் கட்ட வேண்டும். ஊரின் பிரச்சினை எல்லாமே எடை, மிதப்பு, நெம்புகோல். நம்ம ஆள் பிறந்தது இந்த ஊரில்தான், கி.மு. 287 வாக்கில். அப்பா ஃபிடியாஸ் ஒரு வானியலாளர்.

மன்னர் கேட்ட கேள்விகள்

அலெக்சாந்திரியாவில் இருந்த கோனோன், எரடோஸ்தனிஸ் போன்ற அறிஞர்களோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. புதுசா ஒன்று கண்டுபிடித்தால் அங்கே எழுதி அனுப்புவார். ஆனால் வாழ்க்கை சிரக்கூஸில்தான்.

ஹியெரோன் கப்பல் ஒன்று கட்டினார். சிரக்கூசியா என்று பேர். ஆர்க்கிமிடீஸ் மேற்பார்வை. கடலில் இறக்க முடியாமல் நின்ற அந்த மலை மாதிரியான கப்பலை, அவர் கயிறு சுற்றும் பொறி ஒன்றைச் செய்து, சில ஆட்களை மட்டும் வைத்து இறக்கினாராம். அடியில் தேங்கும் தண்ணியை அவருடைய திருகு பம்ப் வைத்து ஒரே ஆள் இறைத்தாராம். கடைசியில் அந்தக் கப்பலை எகிப்து மன்னருக்குப் பரிசாகவே அனுப்பி விட்டார்கள். உள்ளே தானியம், கம்பளி, அப்புறம் உப்பில் ஊறிய சிசிலி மீன் 10,000 ஜாடி. இதெல்லாம் பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட கணக்கு. கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கணும். ஆனால் ஊரின் நிலைமை தெரிகிறது இல்லையா?

கிரீடக் கதையும் அப்படித்தான். அவர் இறந்து சுமார் 200 வருஷம் கழித்து விட்ருவியஸ் எழுதியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிரீடம் 1 கிலோ, அதில் 30 சதவீதம் வெள்ளிக் கலப்பு என்று வைங்க. சுத்தத் தங்கத்துக்கும் இதுக்கும் கன அளவில் வித்தியாசம் சுமார் 13 கன செ.மீ. 20 செ.மீ. விட்டமுள்ள பாத்திரத்தில் நீர்மட்ட வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட வராது. வழிகிற தண்ணியை வைத்துத் திருட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். தராசின் ரெண்டு பக்கமும் கிரீடத்தையும் சம எடைத் தங்கத்தையும் தொங்கவிட்டு, ரெண்டையும் தண்ணிக்குள் இறக்கினால் கலப்படம் பளிச்சுன்னு தெரியும். அவர் அப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்று இளவயது கலிலியோ நினைத்தார். மிதப்பு விதியும் நெம்புகோலும் ஒரே கருவியில். அதுதான் ஆர்க்கிமிடீஸுக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது.

மதில் மேல் ஒரு கிழவர்

கி.மு. 215இல் ஹியெரோன் இறந்தார். அரை நூற்றாண்டு ரோமுடன் நட்பாக இருந்து ஊரைக் காப்பாற்றியவர். பேரன் பட்டத்துக்கு வந்தான், கார்த்தேஜ் பக்கம் சாய்ந்தான், சீக்கிரமே கொல்லப்பட்டான். ஊர் ரோமுக்கு எதிரியாகிவிட்டது. கி.மு. 213இல் தளபதி மார்செல்லஸ் கப்பல் படையோடு வந்து நின்றார்.

அப்போது ஆர்க்கிமிடீஸுக்கு எழுபதைத் தாண்டிய வயசு. தூரத்தில் வருகிறவனுக்குப் பெரிய கவண் பொறி, நெருங்கினவனுக்குச் சின்னது, மதிலடிக்கே வந்துவிட்டால் சுவரில் போட்ட துளை வழியாக அம்பு. எங்கேயும் பாதுகாப்பான தூரம் என்று ஒன்று இல்லாத மாதிரி ரேஞ்ச் கணக்குப் போட்டு வைத்திருந்தார். மதிலுக்கு மேலிருந்து நீளும் மரக்கை ஒன்று கப்பலின் முனையைக் கவ்வித் தூக்கி, செங்குத்தாக நிறுத்தி, விட்டுவிடும். கப்பல் எப்போது நிமிரும், எப்போது கவிழும் என்று ஆராய்ந்தவர் ஆச்சே. கண்ணாடியால் கப்பலைக் கொளுத்தினார் என்ற கதையை மட்டும் நம்பாதீங்க. முற்றுகையைப் பற்றி எழுதிய பழைய ஆசிரியர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

மதிலுக்கு மேல் ஒரு கயிறோ கட்டையோ தெரிந்தாலே ரோமானியர்கள் பின்வாங்கும் நிலை வந்ததாம். மார்செல்லஸ் தாக்குதலை நிறுத்தி, பட்டினி போடலாம் என்று சுற்றி உட்கார்ந்தார். இன்றைக்கும் ஊருக்கு மேலே மேட்டில் யூரியாலஸ் கோட்டை இடிந்து கிடக்கிறது. அகழி, சுரங்கப்பாதை எல்லாம் நடந்து பார்க்கலாம்.

அப்புறம் எப்படி விழுந்தது? பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் ஒரு ரோமானியன் மதிலின் கல் வரிசைகளை எண்ணி, உயரத்தைக் கணக்குப் போட்டான். எதிர்பார்த்ததை விட மதில் அங்கே தாழ்வு. கி.மு. 212இல் ஆர்ட்டெமிஸ் திருவிழா. ஊரே குடித்துக் களைத்துத் தூங்கிய ராத்திரியில் ஏணி வைத்து ஏறினார்கள். ஒர்டீஜியா இன்னும் சில மாதம் தாங்கியது. அதையும் உள்ளே இருந்த ஒரு கூலிப்படைத் தலைவன் காட்டிக்கொடுத்தான். பொறிகள் பழுதாகவில்லை. காவல் காத்தவர்கள்தான் அசந்துவிட்டார்கள்.

ஊருக்குள் புகுந்த சிப்பாய் ஒருவன் ஆர்க்கிமிடீஸைக் கொன்றான். எப்படி என்பதற்குப் பல கதைகள். வரைபடத்தில் மூழ்கி இருந்தார் என்பது அதில் பிரபலமானது. அவரைக் கொல்லக் கூடாது என்று நினைத்திருந்த மார்செல்லஸ் வருந்தினார் என்கிறார்கள்.

அவருக்குப் பிடித்தது எது?

தன் கல்லறையில் என்ன இருக்க வேண்டும் என்று அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். கவண் இல்லை, திருகு இல்லை, கப்பலும் இல்லை. ஒரு உருளை, அதற்குள் கச்சிதமாக ஒரு கோளம். கோளத்தின் கன அளவு அந்த உருளையில் மூன்றில் இரண்டு பங்கு. மேற்பரப்பும் அதே மூன்றில் இரண்டு. இதுதான் அவர் பெருமைப்பட்ட விஷயம்.

இதை வைத்து ப்ளூட்டார்க் ஒரு முடிவுக்கு வந்தார். ஆர்க்கிமிடீஸுக்கு இயந்திரம் என்றாலே இளக்காரம், தூய கணிதம்தான் உயர்வு, அதனால் பொறிகளைப் பற்றி எழுதவே இல்லை என்று. தியரிதான் பெருசு, ஒர்க்‌ஷாப் கீழே என்று நம்மிடமும் சில பேர் சொல்வாங்களே, அந்த மாதிரி.

இதற்குப் பதில் 1906இல் கான்ஸ்டான்டினோபிளில் கிடைத்தது. ஹைபர்க் என்ற டென்மார்க் அறிஞர் ஒரு பழைய பிரார்த்தனைப் புத்தகத்தைப் பார்த்தார். 13ஆம் நூற்றாண்டில் யாரோ ஒரு பழைய தோல் சுவடியைச் சுரண்டி, மடித்து, அதன் மேல் ஜெபங்களை எழுதியிருந்தார்கள். கீழே மங்கலாகத் தெரிந்தது ஆர்க்கிமிடீஸ். அதில் எரடோஸ்தனிஸுக்கு அவர் எழுதிய, தொலைந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த ஒரு நூலும் இருந்தது. பின்னால் அந்தச் சுவடி மறுபடி தனியார் கைக்குப் போய், 1998இல் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பிறகு எக்ஸ்ரே வரை பயன்படுத்தி மிச்ச எழுத்துகளைப் படித்தார்கள்.

அந்த நூலில் என்ன இருந்தது தெரியுமா? கோளத்தின் கன அளவை அவர் கண்டுபிடித்த வழி. கோளத்தையும் கூம்பையும் உருளையையும் மெல்லிய துண்டுகளாக வெட்டுவதாக நினைத்து, அந்தத் துண்டுகளை ஒரு கற்பனை நெம்புகோலில் தொங்கவிட்டார். எந்தப் பக்கம் எவ்வளவு வைத்தால் சமன் ஆகும் என்று பார்த்தார். விடை கிடைத்தது. இது நிரூபணம் இல்லை, கண்டுபிடிக்கும் வழி மட்டும்தான் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டு, நிரூபணத்தைத் தனியாக வடிவியலில் எழுதினார்.

துறைமுகத்தில் சுமை தூக்கிய அதே நெம்புகோல்தான் அந்தக் கோளத்தையும் தூக்கியிருக்கிறது. இளக்காரமா நினைச்ச பொருளை யாராவது தன் மிகப் பெரிய கண்டுபிடிப்புக்குள் கூட்டிக்கிட்டுப் போவாங்களா?

மறந்த ஊர்

அவர் இறந்து 137 வருஷம் கழித்து, கி.மு. 75இல், சிசிலியில் பதவியில் இருந்த ரோமானியர் சிசரோ சிரக்கூஸுக்கு வந்து ஆர்க்கிமிடீஸ் கல்லறை எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றார்கள் ஊர்க்காரர்கள். அவர் விடவில்லை. கோட்டை வாசலுக்கு வெளியே கல்லறைகள் நடுவில் தேடினார். முட்புதருக்கு மேலே ஒரு சின்னத் தூண் எட்டிப்பார்த்தது. அதில் ஒரு கோளமும் உருளையும். அரிவாளோடு ஆள் அனுப்பி வழி வெட்டினார்கள். அடியில் இருந்த செய்யுள் பாதி அழிந்திருந்தது.

எந்த மதிலை அவர் காத்தாரோ அந்த ஊருக்கு அவர் படுத்திருந்த இடம் தெரியவில்லை. தேடி வந்தவர் முற்றுகை போட்ட நாட்டுக்காரர். அவரால் அடையாளம் காண முடிந்ததற்குக் காரணம் கவணோ கப்பலோ இல்லை, ஒரு படம்.

அந்தக் கல்லறை மறுபடியும் தொலைந்து போனது. இன்றைக்கு சிரக்கூஸின் நியாப்போலிஸ் தொல்லியல் பூங்கா பக்கம் ஆர்க்கிமிடீஸ் கல்லறை என்று ஒரு குகையைக் காட்டுவார்கள். அது ரோமானியர் காலத்துக் கல்லறை, அவருடையது இல்லை. என்றைக்காவது அங்கே போனால் அதுக்கு முன்னாடி நின்று செல்ஃபி எடுத்து ஏமாந்துடாதீங்க. ஒரு கிரானீட்டா வாங்கிக்கிட்டு ஒர்டீஜியாவுக்கு நடங்க. அதீனா கோயில் தூணைத் தொட்டுப் பாருங்க. அப்படியே துறைமுகத்துப் பக்கம் போய், படகுகள் அலையில் சாய்ந்து சாய்ந்து நிமிர்வதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்க. அதுக்கு முன்னாடி, இந்த வாரமே லேபில் அந்தக் குட்டிக் கப்பலையும் ஒரு தடவை ரெக்கார்டுக்காக இல்லாமல் பார்த்துடுங்க.