வைத்தியர் ஜான் ஸ்நோ

இலண்டன் மாநகரில் 1854-ம் ஆண்டு பரவிய காலராவுக்குப் பிராட் தெருக் கைப்பம்பின் தண்ணீரே காரணமென்று காட்டிய ஜான் ஸ்நோவைப் பலரும் அறிவர். ஆயினும் அவருக்குச் சோறளித்த தொழில், ரணசிகிச்சைக்கு உட்படுவோருக்கு மயக்க மருந்து கொடுப்பதேயாகும். அதைப் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இவர் 1813-ம் ஆண்டு மார்ச்சு 15-ந் தேதி யார்க் நகரத்தில் ஏழைத் தொழிலாளி ஒருவரின் மூத்த குமாரராய்ப் பிறந்தார். பதினான்காம் வயதில் நியூகாசிலில் ஒரு வைத்தியரிடம் பயிற்சிக்கு அமர்ந்து, பின்னர் இலண்டன் சேர்ந்து, 1844-ல் எம்.டி. பட்டம் பெற்றார். மதுவைத் தொடாதவர்; விவாகம் செய்துகொள்ளாதவர்.

1846-ல் ஈதரும், மறு ஆண்டு குளோரபாரமும் வழக்கத்திற்கு வந்தன. கைக்குட்டையில் மருந்தை ஊற்றி மூக்கருகே பிடிப்பதே பலர் கையாண்ட முறை. 1848 ஜனவரி 28-ந் தேதி, நியூகாசிலுக்கு அருகில், ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுப் பெண், கால் நகமொன்றை எடுப்பதற்காகக் குளோரபாரத்தைச் சுவாசித்துச் சில நிமிஷங்களுள் உயிர் நீத்தாள். ஒரு நகத்திற்காக ஓர் உயிர்! அம்மருந்தைப் பரவச் செய்த சிம்ப்சன், அவளைத் தெளிவிக்க வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியுமே மூச்சை அடைத்தன என்று வாதித்தார். ஸ்நோவோ, காற்றிற் கலந்த ஆவி அளவு கடந்தமையே காரணம் என்றார். வெப்பம் ஏற ஆவியும் பெருகுமாதலால், சுற்றிலும் தண்ணீர் நிறைத்து வெப்பத்தை ஒரே நிலையில் வைக்கும் கருவியொன்றை அமைத்தார். 4,000-க்கும் மேற்பட்டோருக்குக் குளோரபாரம் கொடுத்தார். 1853-லும் 1857-லும் விக்டோரியா மகாராணியாரின் பிரசவங்களுக்கும் அவரே அழைக்கப்பெற்றார். மகாராணியாரே ஏற்றபின் ஊராருக்கு அச்சம் ஏது?

குளோரபாரத்தால் நேர்ந்த ஐம்பது மரணங்களின் விவரங்களை அவர் ஒவ்வொன்றாய்ச் சேகரித்து ஆராய்ந்தார். எனினும், அளவு சரியாயிருந்தும் கொல்லும் ஆபத்தொன்று உண்டு. அதை அவர் அறிய வழியில்லை. சில குடும்பங்களில் பரம்பரையாய் வரும் ஒரு குறையால், இத்தகைய ஆவிகள் பட்டவுடன் தசைகளுக்குள் கால்சியம் கட்டுக்கடங்காமல் வெளிப்பட்டு, தசைகள் விறைத்து, உடல் அனலாய்க் கொதிக்கும். 1960-ல் மெல்போர்ன் நகரில், உறவினர் பதின்மரை ஈதர் மயக்கத்தில் இழந்த ஓர் இளைஞனின் வாயிலாக, டென்பரோ, லவல் என்னும் வைத்தியர் இருவர் இதனை வெளியிட்டனர். ஆவியை உடனே நிறுத்திப் பிராணவாயு கொடுத்து, உடலைக் குளிரச் செய்து, டான்ட்ரோலீன் என்னும் மருந்தை இரத்தக் குழாயிற் செலுத்துவதே இதற்குச் சிகிச்சை. அது கால்சியம் வெளிப்படுவதைத் தடுக்கிறது. முன்னர் பெரும்பாலோரைக் கொன்ற இந்நோயில் இப்போது பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

இனி ஸ்நோவின் கடைசி நாட்களுக்கு வருவோம். 1858 ஜூன் 10-ந் தேதி, குளோரபாரத்தைக் குறித்த தம் நூலை எழுதிக்கொண்டிருக்கையில் பக்கவாதம் கண்டது. 16-ந் தேதி, 45-ம் வயதில், காலமானார். நண்பர் ரிச்சர்ட்சன் அந்நூலை அவ்வாண்டிலேயே அச்சேற்றினார்.