ஒவ்வாமைக்குப் பெயரிட்ட மருத்துவர்

பழனிமலைச் சிற்றூர்களிலிருந்து காய்ச்சலுடன் கொடைக்கானலுக்கு வருவோர்க்குப் பென்சிலின் ஊசி போட நேர்ந்தால், மருந்தில் சிறு துளியை முன்கைத் தோலினுள் செலுத்திச் சற்றுப் பொறுத்துப் பார்ப்பது வழக்கம். அவ்விடம் சிவந்து தடித்தால் முழு ஊசி போடமாட்டார்கள். நோய் தீர்க்கும் மருந்தே சிலர் உயிருக்கு உலை வைப்பதுண்டு. இவ்விந்தையை ஆராய்ந்து அதற்குப் பெயரும் இட்டவர் கிளெமன்ஸ் பிர்க்கே.

பிர்க்கே 1874ஆம் ஆண்டில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவை அடுத்த ஊரொன்றில் பிறந்தார். முதலில் சமயக் கல்வியும் தத்துவமும் பயின்றார். பின்னர் மருத்துவத்தை நாடி, 1900இல் பட்டம் பெற்று, வியன்னாவில் குழந்தை மருத்துவரானார்.

அக்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளைக் கொள்ளை கொண்டது. குதிரையின் குருதியிலிருந்து எடுத்த சீரமே அதற்கு அருமருந்து. ஆயினும், ஊசி போட்டு எட்டுப் பத்து நாள் சென்றபின் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டு வீக்கமும் கண்டன. பிர்க்கேயும் அவர்தம் தோழர் பேலா ஷிக்கும் பொறுமையுடன் நாள்களை எண்ணிக் குறித்தனர். முன்னரே ஊசி பெற்ற குழந்தைக்கு மறுமுறை போட்டபோது, அதே தொல்லை ஒரு நாளிலேயே, சில வேளை நிமிடங்களிலேயே தோன்றிற்று. மருந்து மாறவில்லை, குழந்தையின் உடலே மாறியிருந்தது! மாறிய உடலின் இவ்வெதிர்ச்செயலுக்கு அவர் 1906இல் ‘அலர்ஜி’ என்று பெயரிட்டார். அதனையே நாம் ஒவ்வாமை என்கிறோம்.

மறைந்துள்ள மாற்றத்தைத் தோலே காட்டிக் கொடுக்கும் என்பதையும் அவர் கண்டார். 1907இல், முன்கைத் தோலை இலேசாகக் கீறி, காசநோய்க் கிருமிகளிலிருந்து எடுத்த டியூபர்குலினைத் தடவினார். கிருமி முன்பே புகுந்த உடலாயின் ஓரிரு நாளில் அவ்விடம் சிவந்து தடித்தது.

முதல் உலகப் போருக்குப்பின் பசியால் வாடிய ஆஸ்திரியக் குழந்தைகளுக்கு உணவளிக்கும் பெரும்பணியையும் அவர் முன்னின்று நடத்தினார். 1929இல் மறைந்தார். பென்சிலின் கண்டறியப்பட்டு அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அது மருந்தாகப் பரவியதை அவர் காணவில்லை.

உடனடி ஒவ்வாமைக்குக் காரணமான குருதிப் பொருளை 1966இல் ஜப்பானிய அறிஞர் இஷிசாகா தம்பதியர் கண்டறிந்தனர். அதன்பின் குருதிச் சோதனையும் வந்தது. குருதியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மட்டும் ஒவ்வாமை இல்லையென்று துணிய முடியாது; ஆதலின் தோல் சோதனையே இன்றும் முன் நிற்கிறது. பென்சிலின் ஆகாது என்று சீட்டில் எழுதப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அம்மருந்து தீங்கு செய்வதில்லை. எனினும் அச்சோதனைத் துளியே ஆபத்தாவதும் அரிதாக உண்டு. அதனால் அட்ரினலின் மருந்தை அருகில் வைத்துக்கொண்டே மருத்துவர் அத்துளியைச் செலுத்துகிறார்.